பந்துக்குப் பொட்டு வைத்தவர்கள்

குற்றாலத்துக்குச் சீசனுக்கு வருகிறவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் ஒரு பொதுவான கோபம் உண்டு. அருவியில் குளிக்கட்டும், யார் வேண்டாம் என்றது? எண்ணெயும் தேய்த்துக்கொள்ளட்டும். ஆனால் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை அப்பிய எண்ணெயில் அருவித் தண்ணீர் பாதியைத்தான் கொண்டுபோகும் என்பது வளர்ந்த மனிதர்களுக்குத் தெரிய வேண்டாமா? மிச்சப் பாதியை உடம்பில் வைத்துக்கொண்டு, ஈரத் துண்டைத் தோளில் போட்டு, ஒரு கையில் மிளகாய் பஜ்ஜியோடு நேராக எங்கள் வீடியோ கேம் கடைக்குள் நுழைவார்கள். நுழைந்த வேகத்தில் பஜ்ஜியை வாயில் கவ்விக்கொண்டு, அந்தக் கையாலேயே மெஷினில் இருக்கும் பந்தைப் பிடித்து உருட்டுவார்கள். "கையத் தொடச்சுக்கிட்டுத் தொடுங்க அண்ணாச்சி" என்று நான் சொல்வேன். உடனே துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்வார்கள். முகத்தை!

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அந்தச் சீசனுக்குத்தான் எங்கள் வீட்டார் மெயின் அருவிக்குப் போகிற வழியில் ஒரு கடையைப் பிடித்து, மதுரையிலிருந்து வாடகைக்கு ஒரு வீடியோ கேம் மெஷினைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஆள் உயர மரப்பெட்டி, அதில் ஒரு திரை, திரைக்குக் கீழே சாய்வாக ஒரு பலகை. பலகையில் வட்டமான ஓட்டை. அந்த ஓட்டைக்குள் சாத்துக்குடி அளவில் ஒரு வெள்ளைப் பந்து உட்கார்ந்திருக்கும். அதன் தலை மட்டும் வெளியே தெரியும். உள்ளங்கையால் பந்தை உருட்டினால் திரையில் ஒரு குட்டி விமானம் அந்தந்தப் பக்கம் ஓடும். பக்கத்தில் இருக்கும் பொத்தானை அமுக்கினால் சுடும். அவ்வளவுதான் விளையாட்டு. அதற்கு ஊரே வரிசையில் நின்றது.

எங்கள் வீடு தென்காசியில். நான் கல்யாணமாகி வந்த வீடு. மாமியார், என் கணவரின் அண்ணன், அவர் மனைவி, அவர்களுடைய பிள்ளைகள், நாங்கள் இருவர், எல்லோருக்கும் ஒரே அடுப்படி. கணவரின் அண்ணனை நான் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குக் கோயில் பக்கம் பாத்திரக்கடை. பகலில் நகர முடியாது. என் கணவருக்கு ஆலங்குளத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை. அப்படியானால் குற்றாலத்துக் கடையில் பகலில் யார் இருப்பது? வெளியாளை நம்ப அத்தானுக்கு மனசில்லை. வேறு வழியில்லாமல்தான் என்னை அனுப்பினார்கள். "பொம்பளையப் போய் வீடியோ கேம் கடைல உக்கார வைக்கியளே" என்று மாமியார் முணுமுணுத்தார்கள். நான் காதில் விழாத மாதிரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ் ஏறினேன்.

எனக்கு அது எப்பேர்ப்பட்ட விடுதலை என்று எப்படிச் சொல்வேன்! காலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சாரல் முகத்தில் அடிக்கும். மதியம் என்ன குழம்பு என்று யாரும் கேட்க மாட்டார்கள். பக்கத்து டீக்கடையிலிருந்து ஒரு டீ வாங்கி, சூடு ஆறுவதற்குள், முழுதாக, உட்கார்ந்து குடிப்பேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் சூடாக டீ குடித்தது அந்தச் சீசனில்தான். மாலையில் அத்தான் வந்து கடையைப் பார்த்துக்கொள்வார், நான் வீடு திரும்புவேன். பகல் முழுவதும் என்னுடையது. அதை இழந்துவிடக் கூடாது என்கிற பயம் முதல் வாரத்திலேயே எனக்கு வந்துவிட்டது.

மெஷினை இறக்கிய அன்று மதுரையிலிருந்து கூடவே ஒரு மெக்கானிக் வந்திருந்தார். பலகையைக் கழற்றி, பந்தை வெளியே எடுத்து, அத்தானுக்கும் என் கணவருக்கும் விளக்கமாகத்தான் சொன்னார். பந்துக்குக் கீழே இரண்டு உருளைகள்: ஒன்று நெடுக்காக, ஒன்று குறுக்காக. உருளைகளின் நுனிகளில் பேரிங். பந்து உருண்டால் உருளை சுற்றும், உருளை சுற்றினால் திரையில் விமானம் நகரும். "அழுக்கு சேந்தா பந்து நின்னுரும். பேரிங்கைக் கழட்டி பெட்ரோல்ல கழுவி, மெல்லிசான எண்ணெய் ஒரு சொட்டு விட்டா போதும். கண்டதையும் ஊத்திராதீங்க" என்றார். அண்ணனும் தம்பியும் எல்லாம் புரிந்த மாதிரி தலையை ஆட்டினார்கள். நான் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என்னிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் கேட்டது நான் மட்டும்தான் என்பது பிறகு தெரிந்தது.

மெக்கானிக் மதுரை பஸ் ஏறிய அடுத்த நிமிஷம் அத்தான் பூசை சாமான்களை எடுத்துக்கொண்டு வந்தார். புது மெஷின், பூசை போடாமல் எப்படி? சரி, போடட்டும். மரப்பெட்டிக்கு மாலை, திரைக்கு மேலே விபூதிப் பட்டை, காசு போடுகிற துவாரத்துக்குப் பொட்டு. அதோடு விட்டாரா? கெட்டியாகக் குழைத்த சந்தனத்தை எடுத்துப் பந்தின் தலையில் அப்பினார். அதன் மேல் குங்குமம். "அத்தான், அது உருளுத சாமான்லா, சந்தனம் உள்ளே போயிருமே" என்று நான் சொல்லிப் பார்த்தேன். என்னிடமும் தையல் மெஷின் இருக்கிறது. நானும்தான் ஆயுத பூசைக்குப் பொட்டு வைக்கிறேன். மெஷினின் நெற்றியில் வைப்பேனே தவிர, கீழே ஓடுகிற ஷட்டிலுக்குள் வைக்க மாட்டேன். அத்தான் என் பக்கம் திரும்பவே இல்லை. தம்பியைப் பார்த்து, "சாமி காரியத்துல குறுக்கப் பேச வேண்டாம்னு சொல்லுலே" என்றார். பிறகு தன் கையாலேயே பந்தை உருட்டி விளையாட்டைத் தொடங்கி வைத்தார். சந்தனம் போன இடம் தெரியவில்லை. எங்கே போகும், உள்ளேதான்!

சில வாரங்கள் நன்றாக ஓடியது. அப்புறம் ஒரு நாள் விமானம் மேலும் கீழும் போனது, பக்கவாட்டில் போகத் திணறியது. விளையாட வந்தவர்கள் பந்தை அறைந்தார்கள், குத்தினார்கள். ஒருவர் முழங்கையால் தேய்த்தார். பந்துக்கும் எண்ணெய் தேய்த்துவிடுகிறாரோ என்னவோ, சவத்து மூதி! மாலையில் வந்த அத்தானிடம், "உள்ளே அழுக்கு சேந்திருக்கு, கழுவணும்" என்று சொன்னேன். அவர் ஓர் எலுமிச்சம்பழத்தை அறுத்து, குங்குமம் தடவி வாசலில் பிழிந்து போட்டார். கண்ணேறாம். இவ்வளவு கூட்டம் வந்தால் கண் படாதா என்றார். மறுநாளும் ஓடவில்லை. அதற்கடுத்த நாள், வியாழக்கிழமை, வீட்டுப் பூசை விளக்கில் எரிந்து மிஞ்சிய நல்லெண்ணெயை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து பந்தைச் சுற்றியிருந்த இடுக்கில் ஊற்றினார். திரியின் கரியெல்லாம் அதில் மிதந்தது. நான் வாயைத் திறந்தேன். அவர் கையை உயர்த்திக் காட்டினார். மூடிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம், கடையில் உட்கார்ந்திருக்கும்போதே எனக்குத் தூரமாகிவிட்டது. மாதம்தோறும் வருவதுதான். வேறு யாரும் இல்லாத கடையைப் பூட்டிவிட்டு ஓடவா முடியும்? அன்றைக்கு மாலைக்குள் பந்து சுத்தமாக நின்றுபோனது. நல்லெண்ணெயும் சந்தனமும் சேர்ந்தால் வேறென்ன ஆகும்? வீட்டுக்கு வந்தேன். எங்கள் வீட்டு வழக்கப்படி மாமியாரிடம் சொல்லிவிட்டு, பின்கட்டு அறையில் போய் ஒதுங்கி உட்கார்ந்தேன். தனிப் பாய், தனித் தட்டு, தனித் தம்ளர்.

ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் கூடத்தில் பேசியது எனக்கு நன்றாகக் கேட்டது.

"எப்போ ஆச்சாம்?" என்றார் அத்தான்.

"மத்தியானமே ஆயிருச்சாம். அதோட அங்கனயே உக்காந்திருக்கா" என்றார்கள் மாமியார்.

"அப்பிடிச் சொல்லுங்க! பூசை போட்ட மெஷின். தீட்டோட தொட்டா ஓடுமா? நானும் என்னென்னமோ செஞ்சு பாக்கேன்."

என் ஓர்ப்படியாள், அத்தானின் மனைவி, உடனே சொன்னாள்: "எங்க தம்பி சும்மாதான இருக்கான். ஞாயித்துக்கிழமைலேருந்து அவனை உக்கார வைப்போம்."

"அதான் சரி. இனிமே அவ கடைப்பக்கம் வர வேண்டாம். வீட்டு வேலையப் பாக்கட்டும்."

என் கணவர் என்ன சொன்னார் என்று கேட்கிறீர்களா? ரசம் கேட்டார். 

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பந்து நாலு நாளாகத் திணறிக்கொண்டிருக்கிறது. எனக்கு ஆனது இன்றைக்கு மத்தியானம். இந்த ஒரு கணக்கு அந்தக் கூடத்தில் இருந்த ஒருவருக்கும் வரவில்லை. சந்தனம் சுத்தம், குங்குமம் சுத்தம், கரி மிதக்கிற எண்ணெய் சுத்தம், ஊரான் முதுகில் தேய்த்த எண்ணெய்கூடக் கண்ணேறு. நான் மட்டும் அழுக்கு. ஒரு தம்ளர் டீயைச் சூடாகக் குடித்தது அவ்வளவு பெரிய குற்றமா!

சனிக்கிழமை என் கணவருக்கு விடுமுறை. கடையைத் திறந்து வைத்து, கெட்டுப்போன மெஷினுக்குக் காவல் இருக்கும்படி அத்தான் அவரை அனுப்பினார். நான் பின்கட்டு வாசல் வழியாகச் சந்துக்குப் போய், பஸ் நிறுத்தத்தில் அவரைப் பிடித்தேன். கைப்பையில் தையல் மெஷினின் திருப்புளி, எண்ணெய்க் குப்பி, பழைய வேட்டித் துணி.

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா? அண்ணன் பாத்தான்னா?"

"பாக்கட்டும். நீங்க எங்கூட வாரியளா, இல்ல நான் மட்டும் போகட்டா?"

வந்தார். அதை மட்டும் அவர் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

சாரல் மழையாகவே கொட்டிக்கொண்டிருந்தது. கடைப் பலகைகளைப் பாதி சாத்திவிட்டு, பெட்டியின் மின்சார வயரைப் பிடுங்கினேன். வெளியே நின்ற டாக்சிக்காரரிடம் ஒரு கிண்ணம் பெட்ரோல் வாங்கிவரச் சொன்னேன். வாங்கிவந்த பதற்றத்தில் என் கணவர் சட்டைப் பையிலிருந்து சிகரெட்டை எடுத்தார். "எழவு, கையில என்ன வச்சிருக்கியன்னு பாருங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துச் சிப்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். சிகரெட் திரும்பப் பைக்குள் போனது.

நாலு திருகாணிகளைக் கழற்றினேன். பந்தை எடுக்கவே இழுக்க வேண்டியிருந்தது, ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே இருந்ததைப் பார்த்து எனக்கு ஆத்திரமா சிரிப்பா தெரியவில்லை. உருளைகளைச் சுற்றி மோதிரம் போட்ட மாதிரி சந்தனம் இறுகிக் கிடந்தது. அதில் குங்குமச் சிவப்பு. அதன் மேல் விளக்குக் கரி, நல்லெண்ணெய், தலைமுடி, பஜ்ஜித் தூள். திருப்புளி நுனியால் சுரண்டி, விழுந்ததையெல்லாம் ஒரு செய்தித்தாளில் சேர்த்தேன். எதையும் வெளியே எறியவில்லை.

அப்புறம் பேரிங்குகள். ஒவ்வொன்றும் ஒரு ரூபாய்க் காசு அளவு வளையம். உள்ளே சவ்வரிசி போல எஃகு உருண்டைகள். மேல் மூடியை ஊக்கின் நுனியால் நெம்பி எடுத்துவிட்டு, பெட்ரோலில் போட்டுக் கலக்கினேன். பெட்ரோல் முதலில் மஞ்சளானது, பிறகு சிவந்தது, பிறகு சாக்கடை நிறமானது. துணியில் துடைத்து, பென்சிலில் மாட்டி விரலால் சுண்டினேன். சுத்தமானவை சர்ரென்று சுற்றின. ஒன்று மட்டும் மசியவில்லை. பாதி சுற்றி, கடக்கென்று நின்றது. மறுபடி பெட்ரோல், மறுபடி துணி, மறுபடி கடக்.

"உள்ளே உருண்டை ஒடஞ்சிருக்குமோ?" என்றார் என் கணவர்.

ஒடிந்திருந்தால் நாளையிலிருந்து நான் அடுப்படியில் நிற்பேன், சாகிற வரைக்கும் மெஷினைக் கெடுத்தவள் என்ற பெயரோடு. சொல்ல வெட்கமில்லை, அழுகை வந்தது. நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு அதை மட்டும் தனியாக ஊறவைத்துக் குலுக்கிக்கொண்டே இருந்தேன். கடைசியில் உள்ளேயிருந்து அரிசி நொய் அளவுக்கு ஒரு சந்தனக் கட்டி கழன்று விழுந்தது. சுண்டினேன். சுற்றியது, நிற்காமல் சுற்றியது. "ஓடுதுட்டி!" என்று அவர் என்னைவிடச் சத்தமாகக் கத்தினார்.

பெட்ரோல் முழுவதும் காயும்வரை வைத்திருந்து, ஒவ்வொரு பேரிங்குக்கும் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டேன். காய்ந்த பேரிங் சுற்றும்போது கரகரவென்று கத்தும். சொட்டு இறங்கியதும் அந்தச் சத்தம் அடங்கிவிட்டது. உருளைகளை மாட்டி, சீயக்காய் போட்டுக் கழுவிய பந்தை உட்கார வைத்து, விரல் நுனியால் தொட்டேன். வழுக்கிக்கொண்டு ஓடியது.

மாலைக்குள் கடையில் நிற்க இடமில்லை. வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சீயக்காய்த் தூளும் வைத்து, கை கழுவாதவரை உள்ளே விடமாட்டேன் என்று நின்றேன். முறைத்தார்கள். முறைக்கட்டும். கூட்டம் கொஞ்சம் அடங்கியதும் மெஷினுக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்தேன். அப்போதுதான் அத்தான் வந்தார். வாசலில் நின்றபடியே திரையைப் பார்த்தார். விமானம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பறந்துகொண்டிருந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தியாலே! எண்ணெய் எறங்கிருச்சு. சாமி எண்ணெய்லா! அவ ஒரு நாள் வராம இருந்ததுக்கே எப்பிடி ஓடுது பாரு!"

நான் எழுந்து முன்னால் வந்தேன். காசு வாங்கும் மேசையில் செய்தித்தாளை விரித்தேன்.

"இந்தாங்க அத்தான் ஒங்க சாமி எண்ணெய். இது நீங்க அப்புன சந்தனம். இது குங்குமம். இது விளக்குக் கரி. இது குளிக்க வந்தவங்க முடி. எல்லாத்தையும் பேரிங்குக்குள்ள இருந்து நாந்தான் எடுத்தேன், இந்தக் கையால. இதுல என் தீட்டு எதுன்னு காட்டுங்க. நேத்துத்தான ஆச்சு, இன்னும் இருக்கு. காட்டுங்க, பாப்போம்!"

விளையாடிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஆண்கள் நிறைந்த கடையில் ஒரு பெண் சொல்லக்கூடிய பேச்சா அது? இல்லைதான். என்னைப் பின்கட்டில் ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசியவர்களுக்கு வேறெப்படிச் சொல்வது?

அத்தான் தம்பியைப் பார்த்தார். என் கணவர், "அவதாண்ணே எல்லாம் செஞ்சா. நான் சும்மா நின்னேன்" என்றார்.

அத்தான் முன்னால் இருந்தது இரண்டே வழி. தீட்டுப்பட்ட மெஷின் என்று சீசன் சனிக்கிழமையில் கடையை மூட வேண்டும், அல்லது வாயை மூட வேண்டும். வாசலில் கை கழுவிக்கொண்டிருந்த வரிசையை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு செய்தித்தாளை மடித்துத் தம்பியிடம் நீட்டி, "இதைக் கொண்டுபோய்ப் போடு. மச்சினன்ட்ட நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லிருதேன்" என்றார். அவ்வளவுதான். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

அந்தச் சீசன் முடியும்வரை கடையில் நான்தான் இருந்தேன், எல்லா நாட்களிலும். யாரும் எதுவும் கேட்கவில்லை. வீட்டில் மட்டும் அந்த நாட்களில் தட்டும் தம்ளரும் தனியாகவே வந்தன. குற்றாலத்தில் இல்லாமல்போன தீட்டு, பஸ்ஸை விட்டுத் தென்காசியில் இறங்கியதும் எனக்காகக் காத்திருந்தது.

"அதான் நீ சொன்னது நடந்துட்டுல்லா, இன்னும் என்னத்துக்குக் கோவம்?" என்று என் கணவர் பல வருஷம் கழித்தும் கேட்டிருக்கிறார். கோபம் வராமல்? கடைசிவரை மசியாமல் இருந்த அந்த ஒரு பேரிங் மசியாமலே போயிருந்தால்? உள்ளே உருண்டை உண்மையிலேயே ஒடிந்திருந்தால்? சந்தனமும் கரியும் அதே காகிதத்தில் அப்படியேதான் இருந்திருக்கும். ஆனால் ஒருவரும் அதைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். என் மேல் குற்றமில்லை என்று அந்த வீட்டுக்குச் சொல்ல நான் போதவில்லை. ஒரு பேரிங் சுற்ற வேண்டியிருந்தது. கழற்றிக் காட்ட ஒரு மெஷினும் இல்லாத வீட்டுப் பெண்களுக்கு யார் சாட்சி சொன்னார்கள்?